மூலையில் ஒண்டியிருந்த சீமை எலி

தேவாசீர்வாதத்துக்கு விருதுநகர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்தோரு வருஷச் சர்வீஸ். முதல் ஐந்து வருஷம் வார்டு கூட்டினார். அப்புறம் லேபுக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிக் குழாய் கழுவ வேண்டும், சளி டப்பாக்களை வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும், பின்கட்டில் கம்பிவலைக் கூண்டுக்குள் இருக்கும் சீமை எலிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டாக்டர்கள் அவற்றைக் கினிப் பன்றி என்பார்கள். பேர்தான் பன்றி. முயல்குட்டியின் காதைக் குட்டையாக்கி வாலை எடுத்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும்.

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளிலிருந்தும் ஊருக்குள் மிளகாய் வத்தல் அடைத்துவைக்கும் கிட்டங்கிகளிலிருந்தும் ஆட்கள் இருமிக்கொண்டு வருவார்கள். காசநோய்தானா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் பிடிபடாவிட்டால், அந்தச் சளியில் கொஞ்சம் எடுத்து ஒரு சீமை எலியின் தொடையில் ஊசி போடுவார்கள். ஆறு வாரம் கழித்து அதை அறுத்துப் பார்த்தால் நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்த ஆறு வாரமும் அதற்குப் புல் போடுகிறவர் ஆசீர்வாதம். ஆறு வாரம் முடிந்த காலையில் இரண்டு கையாலும் அதை அணைத்து மேசைக்குத் தூக்கிப் போகிறவரும் அவர்தான். முகம் பார்த்துப் பழகிவிடக் கூடாது என்று ஆரம்பத்திலேயே மனசைக் கட்டிவைத்திருந்தார். முதுகில் மஞ்சள் சாயத்தால் போட்ட அடையாளம்தான் அவருக்குத் தெரியும்.

அவர் மனைவி பாக்கியவதி அதே ஆஸ்பத்திரியில் சலவைக்கட்டில் இருந்தாள். ஐம்பத்து நான்காம் வருஷம் அவளுக்கு இருமல் வந்தது. அவள் சளியை ஊசி போட்டபோது எலியைப் பிடித்துக்கொண்டவர் ஆசீர்வாதம்தான். ஆறு வாரம் கழித்து லேப் டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு பாக்கியவதி பதினாலு மாசம் இருந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. அவள் போன பிறகு ஸ்டேஷன் பக்கத்து லைன் வீட்டில் ஒற்றை அறையில் அவர் ஒருவர்தான். காலையில் ஒரு தரம் பொங்கிச் சாயங்காலம் வரை அதையே வைத்துச் சாப்பிடுவார். படுத்தால் பாயில் ஒரு பாதியில்தான் படுப்பார். மற்றப் பாதிக்குக் கை போவதில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஜனவரியில் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டார்.

"ஆசீர்வாதம், இனிமே இந்தச் சோதனையெல்லாம் மதுரையிலேயே செய்யப்போறாங்க. மிச்சம் எட்டு இருக்குல்ல? திங்கக்கிழமை ரயில்ல அனுப்பிடணும்."

"சரிம்மா."

"உங்களுக்கு ஒண்ணு வேணும்னா எடுத்துக்கோங்க. ஊசி போடாததுதான் எல்லாம்."

எனக்கு எதுக்கும்மா என்று சொல்ல வாயெடுத்தவர், "எடுத்துக்கிடுதேம்மா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றிருந்தது.

பின்கட்டில் போய்க் கூண்டுக்கு முன்னால் குத்தவைத்தார். புல் வாசம் பட்டதும் எட்டில் ஏழு கீச்சுக் கீச்சென்று கம்பிக்கு ஓடிவந்தன. ஒரு வெள்ளை அவர் விரலையே புல் என்று எண்ணிக் கவ்வியது. அதை எடுக்கலாம் என்று கையை உள்ளே விட்டார். அது தானாகவே உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. எத்தனை உருப்படி இதே கையில் இப்படி ஏறி உட்கார்ந்திருக்கும்! அவருக்குக் கை கூசியது. மெல்ல இறக்கிவிட்டார்.

எட்டாவது ஒன்று பின் மூலையில் சுவரோடு ஒண்டிக்கொண்டிருந்தது. செம்பட்டையும் வெள்ளையுமாக ஒரு பெட்டை. புல்லைக் காட்டியும் வரவில்லை. அவர் கை அசைந்தால் அதன் உடம்பு நடுங்கியது.

"என்னய ஆளு தெரிஞ்சு வச்சிருக்கது நீ ஒருத்திதான்" என்று சொல்லி அதையே எடுத்துக்கொண்டார். மற்ற ஏழையும் திங்கட்கிழமை கூடையில் அடைத்து ரயிலேற்றி விட்டார்.

சிவகாசித் தீப்பெட்டி வரும் பலகைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் வாசல் அறுத்து, உள்ளே வைக்கோல் பரப்பினார். அடுத்த வீட்டு மாரித்தாய் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தவள், பசைக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே இது? ஊரெல்லாம் எலியை அடிச்சு வெரட்டுதாக, நீக பெட்டி செஞ்சு குடிவைக்கீக?"

"இது சீமையிலருந்து வந்த சாதி, தாயி."

"அப்பம் சீமைக்காரின்னு சொல்லுங்க."

அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

சீமைக்காரியை வளர்ப்பது லேசில்லை. பச்சை தின்னாவிட்டால் பல் ஈறு வீங்கிக் கால் விளங்காமல் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். விருதுநகரில் பச்சைக்கு எங்கே போவது? மார்க்கெட்டில் கழித்துப்போடும் முட்டைக்கோஸ் தழை, முள்ளங்கித் தழை, ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் முளைக்கும் அருகம்புல் என்று நாள்தோறும் ஒரு துண்டில் முடிந்து கொண்டுவருவார். வாரத்துக்கு இரண்டு நெல்லிக்காயைத் தட்டி வைப்பார். அவர் பார்க்கும்போது அது வாய் வைக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால்தான் பின்னால் நறுக் நறுக்கென்று சத்தம் கேட்கும். அதனால் அவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே சாப்பிடப் பழகினார்.

மூன்றாம் வாரம் ஒருநாள் சாயங்காலம் அவர் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது. வேறு வீட்டுச் சத்தம் என்று நினைத்தார். மறுநாளும் கேட்டது. அவருடைய செருப்புச் சத்தத்துக்குத்தான் அது குரல் கொடுக்கிறது. வெளியே போய் மறுபடியும் நடந்துவந்து பார்த்தார். மறுபடியும் விசில். வீடு திரும்புகிறவரை இன்னார் என்று கண்டு ஒரு உயிர் கூப்பிட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது.

ஆனால் ஒன்றை அவர் கவனித்தார். தூங்கும்போது அது பெட்டியின் சுவரோடு தன்னை அழுத்திக்கொண்டுதான் தூங்கியது. கூண்டில் எட்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த வழக்கம். பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி உள்ளே வைத்தார். அன்றிலிருந்து அந்தச் சுருட்டலோடு ஒட்டிக்கொண்டு படுத்தது. அதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் போய் நின்றார். "அதுக்குத் துணைக்கு ஒண்ணு வேணும்மா. தனியாக் கெடந்து ஏங்குது."

டாக்டரம்மா மதுரைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு பாசஞ்சர் ஏறினார். தான் அனுப்பிய ஏழில் அந்த வெள்ளையையே கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார். ஆறு வாரம் தாண்டியிருந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் எல்லாவற்றுக்குமா ஊசி போட்டிருப்பார்கள்?

அங்கே கூண்டு பார்க்கிறவர் கருத்தப்பாண்டி என்று ஒருத்தர். சீட்டைப் படித்துவிட்டு, "ஒங்க ஊரு உருப்படியா? அதெல்லாம் போன வாரத்தோட முடிஞ்சுபோச்சுங்களே" என்றார். "அதனால என்ன, புதுசா வந்தது இருவது கெடக்கு. புடிச்சத எடுத்துக்கிடுங்க."

இருபதும் கம்பிக்கு ஓடிவந்தன. ஆசீர்வாதம் கூண்டுக் கதவில் கையை வைத்தார். ஒன்றை எடுத்தால் பத்தொன்பதை விட்டுவிட்டு வர வேண்டும். கதவைத் திறக்காமலே கையை எடுத்துக்கொண்டார்.

"என்னண்ணே, ஒண்ணும் புடிக்கலையா?"

"இல்லய்யா. இருக்கட்டும்" என்று வெறுங்கூடையோடு திரும்பிவிட்டார். வந்து சீமைக்காரியிடம், "ஒண்ணும் கூட்டியாரல தாயி" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் புல் போடக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டிக்குள் மூன்று குட்டிகள். கண் திறந்து, மேலெல்லாம் மயிரோடு, பிறந்த ஈரம் காயுமுன்னே தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தன. அது பருத்ததெல்லாம் தான் போட்ட தழையால் என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வாங்கின இடத்திலேயே அது சினையாகி வந்திருக்கிறது.

விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா சிரித்தார். "அதனாலதான் அன்னைக்கு மூலையில ஒதுங்கியிருந்திருக்கும்."

ஆசீர்வாதம் தலையாட்டினார். அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்த நடுக்கத்தை அவர் கையில் வாங்கியவர்.

"குட்டிங்க வளர்ந்ததும் மதுரைக்குக் குடுத்துடலாமா? அவங்களுக்கு எப்பவும் தேவைதான்."

"குடுக்க மாட்டேம்மா."

இருபத்தோரு வருஷத்தில் அவர் எதையும் மறுத்துச் சொல்லி யாரும் கேட்டதில்லை. டாக்டரம்மா "சரி, வேண்டாம்" என்று மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்கச் சீமைக்காரி விசிலடிக்கவில்லை. குட்டிகளோடு பெட்டியின் உள்மூலையில் ஒட்டிக் கிடந்தது. சுருட்டின துண்டு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. ஆசீர்வாதம் அதை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார்.

"இனிமே ஒங்க தயவு அதுக்கு எதுக்குண்ணே? குடும்பஸ்தியாயிட்டா" என்று மாரித்தாய் வேடிக்கையாகச் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. "அகத்திக்கீர ஒரு கட்டு வாங்குனேன். பாதி அதுக்கு எடுத்துக்கிடுங்க" என்று நீட்டினாள்.

ஏப்ரல், மே வெயிலில் சிமெண்டுத் தரையில் ஈரச் சாக்குப் போட்டு, மண்பானை நிறையத் தண்ணீரைப் பெட்டியோடு ஒட்டி வைத்து, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து சாக்கை நனைத்துவிட்டுப் போவார். நாலும் பிழைத்தன. குட்டிகளில் கடா இரண்டையும் பால்குடி மறந்ததுமே தனியாக்கி, சூலக்கரையில் தெரிந்த ஒரு வாத்தியார் வீட்டுக்குக் கொடுத்தார். அறுக்க மாட்டோம் என்று பைபிளில் கை வைத்துச் சொல்லச் சொல்லி, பிறகே கூடையைத் திறந்தார்.

தாயும் மகளும் ஆறு வருஷம் வரை அந்த அறையில் இருந்தன. தாய் மறுபடியும் விசிலடிக்கத் தொடங்கியது. கைக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. தொட்டால் அதே நடுக்கம். மகளுக்கு ஆஸ்பத்திரி தெரியாது, கூண்டு தெரியாது. அவர் கால் நீட்டி உட்கார்ந்தால் ஓடிவந்து மடியில் ஏறும், சட்டைப் பொத்தானைக் கடிக்கும். அப்போதெல்லாம் ஆசீர்வாதம் ஒரு கையால் மகளைத் தடவிக்கொண்டே, தாய் தின்னட்டும் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.