ஜெட்டுக்குள் ஈர்க்கு

சனிக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் சுங்கை பினாங் அடுக்குமாடிக்குக் கீழே பழைய பேப்பரும் பழைய இரும்பும் வாங்கும் லாரி ஒலிபெருக்கியோடு வரும். அதற்குள் என் கிழட்டுக் கப்சாய் மோட்டார் சைக்கிள், கைப்பிடியை முறுக்காமலே அணையாமல் ஓட வேண்டும். இல்லையென்றால் லாரியில் ஏற்றிவிடுவதாக மனைவி தீர்ப்பு சொல்லியிருந்தாள். போன வாரம் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தபோது மூன்று சாலைச் சந்திப்புகளில் அணைந்து போனதற்கான தண்டனை இது.

கார்பரேட்டரைப் பிரித்து உள்ளே இருக்கும் ஜெட்டைச் சுத்தம் செய்தால் போதுமாம். ஏழு வீடியோ பார்த்தேன். ஏழிலும் ஒருவர்கூடத் திருகாணியைத் தொலைக்கவில்லை. அதனால் தொலைத்துத் தேடி எடுக்கும் பகுதியை நானே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஜெட் என்பது பாதித் தீக்குச்சி நீளப் பித்தளைத் துண்டு. நடுவே முடி நுழையும் அளவுக்கு ஓட்டை. கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகி, வண்டி பெட்ரோலைக் குடிக்கும் என்று ஏழு பேரும் எச்சரித்திருந்தார்கள். நான் புத்திசாலி. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, பிளேடால் சீவி உள்ளே விட்டேன். தென்னை ஈர்க்கு பித்தளையைக் கீறாது. உண்மைதான், கீறவில்லை. உள்ளேயே உடைந்தது.

அதுவரை அழுக்கு அடைத்திருந்த ஓட்டையை இப்போது என் அறிவு அடைத்துக்கொண்டது. வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். பெட்ரோலின் ருசி தெரிந்ததுதான் மிச்சம். மணி பத்தரை. மாடியேறி சமையலறை வாசலில் நின்றேன்.

"என்னாங்க, வாயெல்லாம் பெட்ரோல் வாடை அடிக்குது?"

"ஒன்னும் இல்லலா. உன் தொடப்பம் ரொம்ப மெல்லிசா இருக்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டினாள். ஜெட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"குச்சிதானே? எரிச்சா சாம்பலாயிரும். இதுக்கா இந்த முழி முழிக்கிறீங்க?"

பாத்திரம் கழுவும் சோப்பால் பெட்ரோல் வாடை போகும்வரை கழுவி, துடைத்து, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினாள். துளி சிவப்பு, ஒரு நூல் புகை. ஆறியதும் தட்டி ஊதினாள். ஓட்டை வழியே ஜன்னல் தெரிந்தது. என் ஏழு வீடியோவிலும் சமையலறை வரவேயில்லை.

கீழே ஓடிப்போய் ஜெட்டையும் கார்பரேட்டரையும் மாட்டி முடிப்பதற்குள் லாரியின் ஒலிபெருக்கி எங்கள் புளோக்குத் திருப்பத்தில் கேட்டது. உதைத்தேன். மூன்றாம் உதையில் பிடித்தது. கையை எடுத்தேன். இருமியது, நடுங்கியது, ஆனால் அணையவில்லை.

லாரிக்காரச் சீனப் பெரியவர் வண்டியைக் காட்டி, விற்கிறீர்களா என்று மலாயில் கேட்டார். காய்கறிக் கூடையோடு இறங்கி வந்திருந்த மனைவி, இல்லையென்று தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சாவி இனிமே என்கிட்டதான். உங்ககிட்ட இருந்தா மறுபடியும் கழட்டுவீங்க. ஏறுங்க."

ஆயர் ஈத்தாம் பாசார்வரை பின்சீட்டில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வளைவுகளில் எப்படி ஓட்ட வேண்டும் என்று இரண்டு யோசனைகளும் சொன்னேன். இன்ஜின் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லையாம்.