இரண்டு சீட் காரும் தேயிலைச் சாக்கும்

இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்து ஐந்து தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை தண்ணீர் குடிக்க. ஒரு தடவை கேட்டைப் பூட்டினேனா என்று பார்க்க. மற்ற மூன்று தடவையும் கராஜுக்குத்தான்.

கராஜில் என்ன இருக்கிறது? இப்போது ஒன்றுமில்லை. போன கிழமை வரை ஒரு கார் இருந்தது. சும்மா கார் இல்லை... ஸ்போர்ட்ஸ் கார்! இரண்டே சீட், நீள மூக்கு, மடக்கினால் வானம் தெரிகிற துணி ஹூட். நிறம் சிவப்பு என்று ஞாபகம். இருபத்தாறு வருடத் தூசிக்கு அடியில் எல்லா நிறமும் ஒன்றுதான்.

மழை, மரக்கறி விலை, பதுளை ரயிலில் இடம் பிடிக்கும் வித்தை, என் வீட்டு ரோஜா என்று எதையெல்லாமோ இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். காரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால், "ஏன் சும்மா போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்பீர்கள். 

கேட்டவர் வேறொருவர். போன கிழமை திங்களன்று கொழும்பிலிருந்து போன். பழைய கார்களை வாங்கித் திருத்தி வைத்துக்கொள்கிறவராம்.

"அங்கிள், குடுக்கிறதுன்னா ஞாயித்துக்கிழமை லொறியோட வர்றேன். இல்லாட்டி இல்லன்னு சொல்லிருங்க. யோசிக்கிறேன்னு மட்டும் சொல்லாதீங்க. யோசிச்சு யோசிச்சுத்தான் எல்லாரும் காரை மண்ணாக்குறாங்க."

சுருக்கென்றது. ஆள் முகம் தெரியாத போனிலேயே என் சங்கதியைப் புட்டுப் புட்டு வைத்துவிட்டாரே!

விற்பதா? திருத்தி ஓட்டுவதா? ஆறே நாள்.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஊவாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் டீமேக்கர். கொழுந்து ஃபெக்டரிக்குள் வந்ததிலிருந்து தூளாகிப் பெட்டியில் ஏறும் வரை என் பொறுப்பு. அங்கே இருந்த சின்னத்துரை — உதவி மனேஜரை அப்படித்தான் சொல்வோம் — வெளிநாடு போகும்போது, ஓடாமல் கிடந்த இந்தக் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஆறு மாதம் மல்லுக்கட்டி ஓட வைத்தேன். அடுத்த மாதமே கல்யாணம்.

மேர்சி அப்போது பதுளையில் டீச்சர். அப்புத்தளைக்குப் போனால் ஹூட்டைத் திறக்கச் சொல்வாள். அந்தப் பனிமூட்டத்தில் திறந்தால் என்ன ஆகும்? இரண்டு பேரும் நனைந்த கோழியாக இறங்குவோம். அடுத்த கிழமையும், "தொறங்க, தொறங்க" என்பாள்.

மகள் பிறந்தாள். இரண்டு சீட் காரில் மூன்றாவது ஆளுக்கு எங்கே இடம்? கொஞ்ச நாள் மடியில் வைத்துப் பார்த்தோம். பிறகு ஒரு பழைய வேன் வாங்கினோம். கார் எங்கள் ஹாலிஎல வீட்டுக் கராஜுக்குள் போய்க் கல்லின் மேல் ஏறியது. வேனுக்கும் இடம் வேண்டுமே என்று வலது பக்கச் சுவரோடு சுவராக ஒட்டி நிறுத்தினேன். அந்தப் பக்கக் கதவு திறக்கவே இல்லை. நானே இடது பக்கமாகத் தாண்டித்தான் இறங்கினேன்.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றேன் மேர்சியிடம்.

அன்றைக்கு என் மூளை இன்னொரு வேலையும் செய்தது. காய்ந்த தேயிலை ஈரத்தை இழுக்கும். இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஃபெக்டரியில் ஒரு பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவனை நான் சும்மா விட்டதில்லை. ஆகவே இரண்டு சாக்கில் கழிவுத் தூளைக் கட்டி, காருக்குள் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, சீட்டுக்கு முன்னால் தரையில் வைத்தேன். ஈரமெல்லாம் தூளுக்குள் போய்விடும், தகரம் பிழைத்துக்கொள்ளும். வருடா வருடம் மழை முடிந்ததும் தூளை மாற்றினால் போதும் என்று மேர்சிக்கு ஒரு வகுப்பே எடுத்தேன்.

மாற்றினேனா?

நான் இருந்தது தோட்டத்துக் குவார்ட்டர்ஸில். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருவேன். ஞாயிறு கோயில், சாப்பாடு, தூக்கம். திங்கள் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் கூடுவதற்கு முன்னால் ஃபெக்டரியில் நிற்க வேண்டும். இதற்குள் கராஜைத் திறக்க ஏது நேரம்?

சரி, ரிட்டயர் ஆகி மூன்று வருடமாயிற்றே? தார்ப்பாயைத் தூக்கி ஹெட்லைட்டைப் பார்ப்பேன். மறுபடி போர்த்திவிடுவேன். மகளும் மாப்பிள்ளையும் ஆஸ்திரேலியா போனதிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை தூக்குகிறேன், நாலு தடவை போர்த்துகிறேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது. நின்றால் நடக்கத் தோன்றுகிறது. ஊற்றிய தேநீர் மேசையில் ஆறிக் கிடக்கிறது. முப்பது வருடம் தேயிலை ஆக்கியவன் ஆறின தேநீரைக் குடிக்கிறேன்... இதைவிட வேறென்ன கேவலம் வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலை விற்பது என்று முடிவு செய்தேன். முடி வெட்டப் போன இடத்தில், "வித்துட்டு நிம்மதியா இருங்க சார்" என்றார்கள். உடனே திருத்துவது என்று முடிவு செய்தேன். என் குணம் அப்படி.

மேர்சியிடம்தான் இன்னும் கேட்கவில்லை. புதன்கிழமை குசினியில் வெலிமடை லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன செய்யலாம்? சொல்லேன்."

"உங்க காரு. நீங்கதான் சொல்லணும்."

"திருத்தலாம்னு பார்க்கிறேன். நானே கூட இருந்து ஒவ்வொண்ணா கழட்டி, பூட்டி..."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருஷம். ரெண்டு வருஷமும் ஆகும்."

கத்தி நின்றது.

"தோட்டத்துல இருந்தப்ப கிழமைக்கு ஒரு நாளாவது வீட்டுக்கு வந்தீங்க. இப்ப கராஜுக்குள்ள போனா, எத்தனை நாளைக்கு ஒருக்கா வருவீங்க? இந்த வீட்டுல இப்ப ரெண்டு பேருதாங்க இருக்கோம். நான் யாரோட பேசுறது, சுவரோடவா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும், பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

"நான் என்ன ஊர் சுத்தவா போனேன்? உழைக்கத்தானே போனேன்!" என்று கத்திவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். எங்கே? கராஜுக்குத்தான். போக வேறு இடம் ஏது எனக்கு?

வீம்புக்கு விற்பது என்று தீர்மானித்தேன். சனிக்கிழமை காலை செல்வம் பாஸை வரச் சொன்னேன். எதைக் கொடுக்கிறோம் என்றாவது தெரிய வேண்டாமா? எங்கள் பக்கம் கைவேலை தெரிந்தவர் எல்லோரும் பாஸ்தான். செல்வத்துக்குப் பசறை ரோட்டில் பட்டறை. மேர்சியிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். இன்றைக்கும் டீச்சர் வந்தால் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு நிற்பான்.

இடது பக்கக் கதவைத் திறந்து தலையை நுழைத்தான். ஸ்குரூ டிரைவரால் தரையைத் தட்டினான். டங்... டங்.

"ஐயா! தரை புதுசு மாதிரி இருக்கே! துருவே இல்லையே!"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "தேயிலை, செல்வம்! தேயிலை! காய்ஞ்ச தூள் ஈரத்தை இழுக்கும்" என்று பழைய வகுப்பை மறுபடி தொடங்கினேன்.

அவன் எட்டி டிரைவர் பக்கம் தட்டினான். சத்தம் வரவில்லை. ஸ்குரூ டிரைவர் பிடி வரை உள்ளே போயிற்று.

அந்தப் பக்கத்துச் சாக்கைப் பிடித்து இழுத்தான். சாக்கு கிழிந்தது. கருகருவென்று எருவைப் போல ஏதோ சரிந்தது, கூடவே காரின் தரையும் சரிந்தது. கல்லுக்கு நடுவில் கராஜ் சிமெண்டு தெரிந்தது.

"இழுத்திருக்குங்க ஐயா. நல்லாத்தான் இழுத்திருக்கு. இழுத்த ஈரத்தை அப்படியே புடிச்சு வச்சிருக்கு. இருபத்தாறு வருஷமும் ஈரச் சாக்குல நின்னிருக்கு தகரம்."

சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு! டீமேக்கரின் கார் தேயிலையால் செத்தது என்று ஹாலிஎல முழுக்க ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாசகர்களே, நீங்களும் தாராளமாகச் சிரியுங்கள்.

சிரித்து முடித்தாயிற்றா? அப்படியானால் ஒரு கேள்வி. ஒரே ஃபெக்டரி, ஒரே தூள், ஒரே நாள். இடது பக்கம் மட்டும் எப்படித் தப்பியது?

செல்வம் இடது பக்கத்து மூட்டையைத் தூக்கிக் கொடுத்தான். சலசலவென்று காய்ந்து கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். கழிவுத் தூள் இல்லை, முதல் தரத் தூள்! இந்த மூக்குக்குத் தெரியாதா? கட்டியிருந்ததும் சாக்கு இல்லை. முயல் படம் போட்ட சின்னத் தலையணை உறை. மகள் தவழ்கிற வயதில் படுத்தது.

மேர்சி தேநீரோடு கராஜ் வாசலில் நின்றாள்.

"நீயா மாத்துன?"

"டிசம்பர்ல நத்தார் கழிஞ்சு மழை விட்டதும் மாத்துவேன். வருஷா வருஷம்."

"தூள்?"

"மாசா மாசம் கொண்டாந்து குவிச்சீங்களே. நானும் பிள்ளையும் எவ்வளவுதான் குடிக்கிறது? பழசை ரோஜாவுக்குப் போட்டுருவேன்."

என் ரோஜாவின் ரகசியம் மாட்டுச் சாணம் என்று இந்தப் பக்கத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

"ஏன் மேர்சி எங்கிட்ட சொல்லல?"

"சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை தூங்குற மனுஷன்கிட்ட எதைச் சொல்றது? என்னைக்காச்சும் ஒரு நாள் ஹூட்டைத் தொறந்துட்டு அப்புத்தளைக்குப் போவோம்னு இருந்தேன்."

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடுகிற வாயா இது?

"அப்ப இந்தப் பக்கத்தையும் சேர்த்து மாத்தியிருக்கலாமே?"

தேநீரைச் செல்வத்திடம் நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"என் சீட்டை நான் பார்த்துக்கிட்டேன். உங்க சீட்டை நீங்க பார்ப்பீங்கன்னு நெனச்சேன்."

செல்வம் அவசரமாகக் குனிந்து, காற்றே இல்லாத டயரை அமுக்கிப் பார்த்தான். எனக்கு வெட்கம்தான். கார் போனதற்கு இல்லை. இருபத்தாறு வருடமாக ஒருத்தி தன் இடத்தைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறாள், நான் தார்ப்பாயைத் தூக்கி ஹெட்லைட்டை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"செல்வம், என் பக்கத்துக்குத் தரை போடலாமா?"

"போடலாம் ஐயா. இன்ஜின் இறுகிக் கிடக்கு, கழட்டினாத்தான் தெரியும். பெயிண்ட், நிக்கல் வேலையெல்லாம்..."

"பளபளப்பு வேணாம். அப்புத்தளை வரைக்கும் ஏறினாப் போதும்."

மேர்சி குறுக்கிட்டாள். "வேலை முழுக்க உன் பட்டறையில செல்வம். இவர் தினமும் அங்க வந்து நிக்கக்கூடாது."

"சரிங்க டீச்சர்" என்றான் அவன், என் முகத்தைப் பார்க்காமலே.

கொழும்புக்காரருக்குப் போன் போட்டேன். "யோசிக்கல தம்பி. குடுக்கல" என்றேன். நல்ல மனிதர், "சரி அங்கிள், ஓட்டுங்க" என்றார். இந்தத் திங்கட்கிழமை செல்வம் லொறியோடு வந்து காரை ஏற்றிக்கொண்டு போனான். இறுகின இன்ஜின் பிழைக்குமா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் உட்கார முடியாமல் காலி கராஜைச் சுற்றி வருகிறேன்.

இப்போது ஆறாவது தடவை எழுந்தபோது மேர்சியிடம் சொன்னேன், கார் வந்ததும் என் பக்கத்துக்கும் ஒரு தலையணை உறை தைத்துக் கொடு என்று.

"ஊசி அலமாரியில இருக்கு" என்றாள்.