தெரியாது என்றேன்

பேர்லினில் என்னோடு கிளீனிங் வேலை செய்யும் ரஷ்யப் பெண் லூடா, இரண்டாம் உலகப் போரில் வென்ற நாளென்று ரஷ்யர்கள் கொண்டாடும் மே ஒன்பதாம் திகதி என்னையும் போர் நினைவிடத்துக்கு அழைத்துப் போனாள். அந்தப் போரில் இறந்த தாத்தாவின் சீருடைப் படத்தை, கறுப்பும் செம்மஞ்சளுமான ஒரு ரிபனோடு தடியில் கட்டித் தூக்கி வந்தாள். அவளுடைய ஊரில் தெருத் தெருவாக இப்படித்தான் போவார்களாம். தொலைக்காட்சியில் நாள் முழுக்கப் போர்ப் படங்கள்தானாம்.

“பூ வைச்சிட்டு வாறன், கொஞ்சம் பிடி” என்று படத்தை என்னிடம் தந்தாள்.

பொலிஸ்காரர் இருவர் நேரே என்னிடம் வந்தார்கள். அடுத்த வாரம் எனக்குக் குடியுரிமை அலுவலகத்தில் டெர்மின், நேர்காணல்.

“இது யார்?”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

லூடா திரும்பிப் பார்த்தாள்.

தடியில் கட்டியிருந்த ரிபன் ரஷ்யப் போர்ச் சின்னம், அதற்கு அங்கே தடை, கழற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். லூடா படத்தை வாங்கிக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்தில், இயக்கத்துக்குப் போய்ப் போரில் செத்த அண்ணாவின் படத்தில் சீருடையை வெட்டி எறிந்துவிட்டு, முகத்தை மட்டும் அம்மா வைத்திருந்தார். சோதனைக்கு வந்த ஆமிக்காரன் அதைக் கையிலெடுத்துக் கேட்டபோது, “ஆரெண்டு தெரியாது, ஐயா” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரோடு எத்தனையோ வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் நான்.

அன்று பின்னேரம் அம்மாவுக்குக் கோல் எடுத்தேன்.

“சாப்பிட்டிட்டீங்களோ, அம்மா?” என்று கேட்டேன்.