நடுங்கிய மீத்தேன்

வலைப்பக்கத்துக்குள் மூலக்கூறு காட்டும் பெட்டியை ஒட்டவைத்து, பக்கத்தின் மாறிகளை (பெயர், நிறம், எண் போன்ற மதிப்புகளை) அதன் காதில் போடுவதைப் போல நன்றிகெட்ட தொழில் வேறில்லை, சக பாவிகளே. நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்தபோது நான் ஓர் அதட்டல் போட்டால் மலை மாதிரி இயந்திரமே நின்றுவிடும் (நம்புங்கள்). ரிட்டயரான பிறகு இந்தச் சின்னப் பெட்டிதான் என் பேச்சைக் கேட்பதில்லை.

ஆளில்லாத குவார்ட்டர்ஸ்

பிலோமினா டீச்சர் மந்தாரக்குப்பத்தில் வீட்டிலேயே வேதியியல் ட்யூஷன் எடுப்பவர். கை நடுக்கம் வந்து போர்டில் எழுத முடியாமல் போனது. "திரையில காட்ட முடிஞ்சா நடத்துறேன், இல்லைன்னா இந்த மாசத்தோட நிறுத்திடுறேண்ணே" என்றார்.

பக்கம் செய்து எடுத்துப் போனேன். மீத்தேன் என்ற பெயரை மாறியில் வைத்து அனுப்பினால், பெட்டி வெறுமையாக நிற்கிறது. அது முழுதாக எழுந்திருக்கும் முன்பே அனுப்பித் தொலைத்திருந்தேன். விளக்கிச் சொன்னதும் டீச்சர் சிரித்துவிட்டார்: "ஷிப்டு முடிஞ்சு ஆள் வர்றதுக்குள்ள குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினா யாருண்ணே திறப்பாங்க?"

கரியின் நிறம்

பெட்டி 'தயார்' என்று சொன்ன பிறகே அனுப்பும்படி மாற்றினேன். மீத்தேன் வந்தது, நடுவில் கறுப்பாகக் கார்பன், சுற்றி நாலு ஹைட்ரஜன். டீச்சரின் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி, மைன்ஸில் லிக்னைட் நிலக்கரி வெட்டி ரிட்டயரானவர், முகம் சுளித்தார். கார்பனுக்கு உலகமெங்கும் கறுப்புதான் வழக்கம் என்றேன். எடுபடவில்லை. நிறத்தையும் ஒரு மாறியாக்கிப் பழுப்பை அனுப்பிய பிறகுதான் எனக்கு டீ வந்தது. "நான் வெட்டின கரி பழுப்புங்க, உலகம் வேணும்னா இங்க வந்து பாத்துக்கினு போவட்டும்!"

ஆட்டம்

மூலக்கூறைத் திருப்ப, திரையில் இழுக்கிற பட்டை ஒன்று வைத்திருந்தேன். இழுத்தால் அந்த எண் அப்படியே பெட்டிக்குப் போகும். முதல் வகுப்பில் டீச்சர் கை வைத்ததும் எண் துள்ளியது. மீத்தேன் வெடவெடவென்று நடுங்கியது. அவர் கையை இழுத்து மடியில் மறைத்துக்கொண்டார்.

நடுக்கத்தை வடிகட்டி அனுப்ப நாலு வரி நிரல் போதும். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். அதற்குள் முன்வரிசையில் இருந்த மாணவி கேட்டாள், "டீச்சர், சூடேறினா இப்படித்தான் ஆடுமா?"

டீச்சர் மடியில் மறைத்த கையை எடுத்துப் பட்டைமேல் வைத்தார். மீத்தேன் ஆட ஆட, வெப்பம் என்றால் என்ன என்று நடத்தி முடித்தார். எல்லாரும் போனதும் அந்த நாலு வரியை எழுத உட்கார்ந்தேன். என் கையைத் தட்டிவிட்டார்: "அதைத் தொடாதீங்கண்ணே, நாளைக்குத் தண்ணி கொதிக்கிறது நடத்தணும்."

இந்தத் தொழிலில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்த நாலு வரியை எழுதாமல் எழுந்து வந்ததுதான்.