தங்கநூல் மெத்தை

அமலதாஸ் கட்டாரில் பன்னிரண்டு வருடம் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். திரும்பி வந்தபோது ஊர்காவற்றுறையில் அவருக்கென்று மிஞ்சியிருந்தது கூரையில்லாத இரண்டு சுவர்கள்தான். அதனால் மனைவி நிலக்சனாவோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் கரம்பொனில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் காவலுக்கு வந்தார். வீட்டுக்காரர் ஆரூரன் கனடாவில் இருக்கிறார். வாடகை வேண்டாம், வீட்டையும் குதிரையையும் பார்த்தால் போதும் என்றார்.

வீட்டைச் சுற்றி ஐந்து கமரா. அமலதாஸ் முற்றத்தில் சும்மா நின்றாலும் கனடாவிலிருந்து போன் வரும். நானென்றால் கமராவைக் கழற்றிக் கடலில் எறிந்திருப்பேன். அவர் எங்கே எறிவது? பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

குதிரை நுவரெலியாவிலிருந்து வாங்கி வந்த ஒடிசலான பெட்டைக் குதிரை. சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் ஒரு குதிரைக் காட்சி நடக்க இருந்தது. ஆரூரனின் மகள் கம்சிகா வந்து அதில் சவாரி செய்வதாக ஏற்பாடு. அதற்கென்று கனடாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே, சேணத்தின் கீழ் விரிக்கும் மெத்தை. மூன்று விரல் தடிப்பான மொத்தம். ஓரமெல்லாம் தங்கநூல், மூலையில் குடும்பப் பெயர்.

இருந்த சேணம் அந்த முதுகுக்குக் கச்சிதமானது. மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்றுக்குத்தான் இடம் விடும். அளவான சப்பாத்துக்குள் மூன்று சோடி காலுறை போட்டால் என்ன ஆகும், அதுதான் ஆனது. மெத்தையைப் போட்டு வாரை இறுக்கியதும் குதிரை காதைப் பின்னுக்கு மடித்து அமலதாசின் தோளைக் கடிக்கப் பார்த்தது. கழற்றிப் பார்த்தால், கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் தோல் கன்றிச் சிவந்திருந்தது. அன்றே ஆரூரனுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, இது ஏலாது. சேணம் நெரிக்குது. மெல்லிசுதான் சரி."

"மொத்தமெண்டாத்தானே சுகம்? நீர் படுக்கிறதெண்டா மெத்தை வேண்டாமெண்டுவீரோ?"

"மெத்தை மொத்தமெண்டா சேணம் அகலமா இருக்கோணும் அண்ணை. இல்லாட்டி முதுகு புண்ணாப் போகும்."

"உம்மாலை ஏலாதெண்டாச் சொல்லும். வேறை ஆளைப் பாக்கிறன்."

வேறு ஆள் என்றால் அந்த வீட்டுக்குள் வேறு குடும்பம்.

வழி கண்டுபிடித்தவர் நிலக்சனா. கமரா எட்டாத கிணற்றடியில் உட்கார்ந்து, சவரப் பிளேட்டால் மெத்தையின் அடித்தையலைப் பிரித்தார். சேணம் குந்தும் இடத்துப் பஞ்சை முழுக்க உருவிவிட்டு, வெளியே தெரியும் ஓரத்தை மட்டும் பொம்மென்று விட்டுத் தைத்தார். பார்வைக்கு அதே மெத்தை. சேணத்தின் கீழே வெறும் துணி.

காட்சியன்று குதிரையை லொறியில் ஏற்றிப் பண்ணைப் பாலம் தாண்டிக் கொண்டுபோனார்கள். குதிரை அன்றைக்குக் காதை நிமிர்த்திக்கொண்டு அவ்வளவு அழகாக ஓடியது. கம்சிகாவின் கழுத்தில் பதக்கம் விழுந்தது. சனம் மெத்தையைத் தொட்டுத் தொட்டுப் படம் எடுத்தது. அமலதாஸ் குதிரையின் முதுகைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

பிறகு ஆரூரனின் போன் வந்தது.

"பாத்தீரே? ஏலாது ஏலாதெண்டு நிண்டீர். என்ரை மெத்தையோடை எப்பிடி ஓடினது! எனக்கும் குதிரையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் பாரும்."

"ஓம் அண்ணை."

"இஞ்சை கம்சிகா ஓடுற குதிரையின்ரை சேணத்தையும் கப்பலிலை போட்டிட்டன். இனி அந்தச் சேணந்தான். நான் கமராவிலை பாப்பன்."

அந்தக் குதிரையை அமலதாஸ் படத்தில் பார்த்திருக்கிறார். தண்ணீர்த்தாங்கி போல உடம்பு. அதன் சேணத்தை வைத்தால் முழுப்பாரமும் இந்த ஒடிசல் குதிரையின் முள்ளந்தண்டில்தான் இறங்கும். மெத்தையென்றால் பிரித்துத் தைக்கலாம். சேணத்துக்குள் இருப்பது மரமும் இரும்பும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தார். இது பொருந்தாது என்று சொன்னால், மெத்தை மட்டும் எப்படிப் பொருந்தியது என்று ஆரூரன் கேட்பார்.

"ஓம் அண்ணை" என்றார்.