ஓப்பன் பேப்பரில் வாங்கிய மோட்டார் சைக்கிள்

பால் சேகரிக்கும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வெளிக்கள வேலை கிடைத்தபோது அக்கராயனில் எங்கள் வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள். வேலைக் கடிதத்தின் கடைசி வரியைப் பாயாசம் குடித்த பிறகுதான் வாசித்தேன். வேலைக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும். அது என் பெயரில் பதிந்திருக்க வேண்டும். மாத முடிவுக்குள் வாகனப் பதிவுப் புத்தகத்தைக் காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

மோட்டார் சைக்கிள் என்னிடம் இருந்தது. சீட்டுக் காசு முழுவதையும் கொட்டி, வவுனியாவில் ஒரு வியாபாரியிடம் வாங்கியிருந்தேன், ஓப்பன் பேப்பரில். வாகனத்தின் சொந்தக்காரர் பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவரின் பெயர் எழுதும் இடம் காலியாகவே இருக்கும். படிவமும் பதிவுப் புத்தகமும் வாகனமும் சேர்ந்தே கைமாறிக்கொண்டு போகும். எங்கள் பக்கத்தில் இதை ஒருவரும் தவறாக நினைப்பதில்லை.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தங்கச்சி, நாட்டில பாதி வாகனம் இப்பிடித்தான் ஓடுது" என்றார் வியாபாரி.

"சைலன்சர் ஓட்டையாக் கிடக்கு. ஊரெல்லாம் கேக்கும்."

"அது ஓட ஓடச் சரிவரும்."

ஓட்டை எப்படி ஓட ஓடச் சரிவரும் என்று கேட்கும் புத்தி அன்றைக்கு எனக்கு வரவில்லை. படித்தவள் என்ற தலைக்கனம் வேறு.

பெயர் மாற்றும் கந்தோரில் இருந்த அலுவலர் என் படிவத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது பழைய படிவம், இப்ப செல்லாது. புதுசில சொந்தக்காரரிட்டைக் கையெழுத்து வாங்குங்கோ. அவற்ற அடையாள அட்டையும் வேணும்" என்றார். வியாபாரியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. கடைக்கு ஓடினேன். அங்கே வேறு யாரோ வத்தகப்பழம் குவித்து விற்றுக்கொண்டிருந்தார். நான் நின்ற நிலையைப் பார்த்து ஒரு பழத்தைத் தட்டிக் காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பழத்தையே தூக்கி எறிந்திருப்பேன்.

மிஞ்சியது புத்தகத்தில் இருந்த விலாசம் ஒன்றுதான். ஓமந்தைக்கு உள்ளே ஒரு கிராமம். ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டேன். முகம் தெரியாத அந்தச் சொந்தக்காரனை எப்படித் திட்டுவது என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். விற்கிறவன் ஒழுங்காக என்னோடு வந்து பெயரை மாற்றித் தந்திருந்தால் நான் ஏன் இப்படித் தெருத்தெருவாக அலைய வேண்டும்? புளியங்குளத்தில் தேத்தண்ணி குடித்தபோதும் அதையே இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுப் படலையடியில் நான் சைக்கிளை நிறுத்தவே இல்லை, அதற்குள் உள்ளேயிருந்து ஓர் அம்மா ஓடி வந்தார். கை முழுக்க அரிசி மா.

"வந்திட்டியோ ராசா! சொல்லாமக் கொள்ளாம வாறாய்!"

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், இலக்கத் தகட்டைப் பார்த்தார். பிறகு மாக் கையோடு ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தார்.

"அவனுக்கு என்ன பிள்ளை? என்ர பிள்ளைக்கு என்ன?"

மகனின் வாகனத்தை வேறு யாராவது கொண்டுவந்து வாசலில் விட்டால், எங்கள் ஊரில் ஒரு தாய்க்கு என்ன நினைப்பு வரும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை.

"ஐயோ அம்மா, ஒண்டுமில்லை. அவருக்கு ஒண்டுமில்லை. இதை நான் காசு குடுத்து வாங்கினனான். ஒரு கையெழுத்துக்குத்தான் வந்தனான்."

"விசர்க் கதை. இது கொழும்பில ஓடுது. சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிற வேலை செய்யிறான். மாசாமாசம் காசு அனுப்புறான். குசினிக்குத் தகரம் போட்டதே அந்தக் காசிலதான்."

நான் புத்தகத்தைக் காட்டினேன். அவர் வாங்கவில்லை. என்னைக் கள்ளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அதை விழுங்கினேன்.

"இருங்கோ, அவனையே கேக்கிறன்" என்று மடியில் இருந்த போனை எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

மகன் உடனே எடுத்தான். "என்னம்மா?"

"சும்மாதான் ராசா. சாப்பிட்டியோ?"

"ஓம், புட்டுச் சாப்பிட்டனான்."

"சைக்கிள் எப்பிடி ஓடுது?"

"நல்லா ஓடுதம்மா. நேற்றுத்தான் ஒயில் மாத்தினனான்."

அந்த அம்மாவின் கை இன்னும் ஹாண்டிலில்தான் இருந்தது.

"இப்ப எங்க நிக்குது?"

"இதில இருந்துகொண்டுதானே உங்களோட கதைக்கிறன்."

அம்மா இப்போது வெடிப்பார், அழுவார், அவனைத் திட்டுவார் என்று பார்த்தேன். என் கையெழுத்து விஷயத்தையும் இதற்குள் கேட்டுவிடலாம் என்றுகூட ஒரு நப்பாசை எழுந்தது. அந்த நேரத்திலும் அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"சரி ராசா. கவனமா ஓடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவர் ஹாண்டிலில் ஒட்டியிருந்த மாவைச் சீலைத் தலைப்பால் துடைத்தார்.

"குரல் கொஞ்சமும் தடுமாறேல்லை, கேட்டீங்களோ?"

நான் தலையாட்டினேன்.

"சைக்கிள் இல்லையெண்டா அந்த வேலையும் இல்லை." குசினிப் பக்கம் திரும்பி, கூரையில் மின்னிய புதுத் தகரத்தைப் பார்த்தார். "அப்ப எனக்கு வாற காசு எங்கால வருது பிள்ளை?"

வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த திட்டெல்லாம் மறந்துபோனது. புதுப் படிவம் பைக்குள்ளேயே கிடந்தது. மாத முடிவில் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போனது. வீட்டில் பெரிய சண்டை நடந்தது. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த வாசலில் எனக்கு வேலை ஞாபகமே இல்லை.

"நான் வெளிக்கிடுறன் அம்மா" என்று சாவியை எடுத்தேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "ஸ்டார்ட் பண்ணாதேங்கோ. இந்தச் சத்தம் இஞ்ச எல்லாருக்கும் தெரியும். அவன் வந்திட்டான் எண்டு இப்பவே ரெண்டு பேர் வெளிக்கிட்டிருப்பினம். தள்ளிக்கொண்டு போங்கோ பிள்ளை, மெயின் றோட்டு மட்டும்."

உச்சி வெயிலில் மணல் ஒழுங்கையில் தள்ளினேன். கொஞ்சத் தூரத்தில் ஒரு பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சைக்கிளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"தம்பி வந்திட்டாரோ? சத்தம் கேட்டுது."

"இல்லை அக்கா, அவர் கொழும்பில. என்னட்டைத் தந்து விட்டவர், திருத்தக் கொண்டு போறன்" என்றேன்.

என் குரலும் கொஞ்சமும் தடுமாறவில்லை.