ராவி எடுத்த பெயர்

மெல்பேர்ணில், ரோவில் என்ற இடத்துக்குப் பக்கத்தில், பித்தளை வாத்தியங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் ஆறு வருடம் வேலை செய்தேன். இளம் வயதில் ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு நண்பர்கள் தொடங்கிய பட்டறை அது. ஒருவர் தகட்டை அடித்து, ஹார்ன் என்கிற ஊதுவாத்தியங்கள் செய்வார். மற்றவர் பழுது பார்ப்பார், விற்பார். அவர்தான் எனக்குச் சம்பளம் தருபவர். நான் கழுவி மினுக்குகிறவன்.

கழுவுவதே குமட்டும் வேலை. பள்ளிக்கூடங்களிலிருந்து வரும் வாத்தியங்களின் குழாய்க்குள் பிள்ளைகளின் எச்சில் மாதக்கணக்கில் ஊறிப் பச்சைக் களியாகக் கிடக்கும். வெந்நீர் விட்டால் செத்த எலியின் நாற்றம். முதல் வாரம் மதியச் சாப்பாட்டைத் தொடவே முடியவில்லை. பிறகு பழகிவிட்டது.

ஹார்ன் செய்தவர் போன வருடம் இறந்தார். அதற்கு இரண்டாம் வாரம், அவர் செய்து வைத்திருந்த நான்கு ஹார்ன்களை முதலாளி என் மேசையில் வைத்தார். ஒவ்வொன்றின் விரிந்த வாயிலும் இறந்தவரின் பெயர் பொறித்திருந்தது. அதை அரத்தால் ராவி மினுக்கச் சொன்னார். அந்த இடத்தில் தன் பெயரை அடிக்கப் போகிறாராம். மூன்றை ராவினேன்.

நான்காவதைக் கையில் எடுத்தபோது இறந்தவரின் மனைவி வந்தார். கணவர் செய்த ஹார்ன் ஒன்று வீட்டில் வைத்திருக்க ஆசை என்றார். எல்லாம் விற்றுப்போயிற்று என்று முதலாளி முகம் மாறாமல் சொன்னார். அந்த அம்மாவின் தோளில் கையை வைத்து, உன் கணவர் எனக்குச் சகோதரன் மாதிரி என்றும் சொன்னார். எனக்கு அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

நான் போய் ஹார்னை அந்த அம்மாவுக்கு முன்னால் வைத்தேன்.

"இதில் அவருடைய பெயர் இருக்கிறது. இன்னும் மூன்றில் இருந்தது. நான்தான் ராவினேன்" என்றேன்.

அந்த அம்மா பெயரை விரலால் தடவிப் பார்த்தார். என் மேசையிலிருந்த மூன்றையும் சேர்த்து நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தார். நான் உதவப் போனபோது கையைக் காட்டி மறித்தார். அவர் போனதும், இனி வர வேண்டாம் என்று முதலாளி எனக்குச் சொன்னார்.

வீட்டில் சாப்பிட்டு முடியும்வரை அந்த மனிதனைத் திட்டினேன். மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"ஓம், ராவச் சொன்னது அந்தாள்தான். ராவினது நீங்கள்தானே?"

முதலாவதை ராவும்போது அரத்தைக் கீழே வைத்து வைத்து எடுத்ததைச் சொன்னேன். மூன்றாவதைப் பாட்டுக் கேட்டுக்கொண்டே ராவியதைச் சொல்லவில்லை.